ஒரு பிடி பூட்டு

மாமாவின் ஸ்டோர்ஸ் விலைப்பட்டுவிட்டது. வாங்கியவரிடம் திறப்புக் கோர்வையை ஒப்படைக்கப் போன மாதம் பேலியகொடைக்குப் போயிருந்தேன். முன் ஷட்டர், மாடி, ஒஃபிஸ் அறை என்று ஒவ்வொரு திறப்பையும் பேர் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தேன். பின்பக்கத் தகரக் கதவடிக்கு வந்த பிறகுதான் அதற்குத் திறப்பே இல்லை என்ற ஞாபகம் வந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது மேசை லாச்சிகளோடு அள்ளுண்டு போன சாமான்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் கதவால் போக ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை.

பக்கத்து கராஜில் வேலை செய்யும் பொடியன் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "வெட்டிருவமா அன்ரி?"

"கொஞ்சம் பொறு தம்பி" என்றேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சேலைத் தலைப்பால் பூட்டின் முகத்தைத் துடைத்தேன். துரு உதிர்ந்த இடத்தில் தேய்ந்துபோன ஓர் எழுத்து. சீன எழுத்து. என் வாழ்க்கையில் நான் முதன்முதல் வாசிக்கக் கற்றுக்கொண்ட சீன எழுத்து அது. 'சுவோ.' பூட்டு என்று அர்த்தம். பூட்டுகிற வேலைக்கும் அதேதான்.

அது அப்பாவின் கடைப் பூட்டு.

அப்பா பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அந்தத் தெரு இன்றைக்கும் ஆணிக்கும் சங்கிலிக்கும் பேர்போனது. எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் இறக்குவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்திலும் சீனச் சாமான் மட்டும் எப்படியோ கிடைத்துக்கொண்டிருந்தது. 1952இல் இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய ஒப்பந்தத்தில் தொடங்கிய கொடுக்கல் வாங்கல் அது. டோர்ச் லைட், சுடுதண்ணீர்ப் போத்தல், ஹீரோ பேனை, பிறகு இந்தப் பூட்டுகள். ஒரு டசின் பூட்டு ஒரு மட்டைப் பெட்டியில் வரும். பெட்டியைத் திறந்ததும் எண்ணெய்க் கடதாசி வாசம் அடிக்கும். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குப் போனால் அந்தக் கடதாசியைப் பிரித்துப் பூட்டுகளை அடுக்குவதுதான் எனக்கு வேலை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு விதமாகச் சீனத் தமிழ் வந்தது. ஒன்று ரேடியோவில். பீக்கிங் வானொலி 1963இலேயே தமிழ் ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா சிற்றலையைத் திருகித் திருகி அதைப் பிடிப்பார். பேசுவது சீனர்கள், தமிழிலேயே பேர் வைத்துக்கொண்டிருப்பார்கள். 'தோழர்களே' என்று அவர்கள் ஆரம்பித்தால், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த அம்மாவே கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பா. "எங்கட பிள்ளையளை விட உச்சரிப்புத் திருத்தம்" என்பது அவவின் தீர்ப்பு.

மற்றது வாசலில் வந்தது. சீனாக்காரர் என்று நாங்கள் சொல்லும் துணி வியாபாரி. சைக்கிள் கரியரில் பெரிய மூட்டை. தலையணை உறை, லேஸ், பட்டுத் துண்டு எல்லாவற்றையும் திண்ணையில் விரித்துப் போடுவார். அந்த நாளில் கொழும்பில் இப்படிப் பலர் சைக்கிளில் திரிந்தார்கள். பல்லுக்குச் சீன டொக்டர், துணிக்குச் சீனாக்காரர். எங்கள் வாசலுக்கு வந்தவருக்குத் தெரிந்த தமிழ் ஐம்பது சொல் இருக்கலாம். அந்த ஐம்பதுக்கும் வால் கிடையாது. அம்மா ஏதாவது துணியைக் கையில் எடுத்தால் போதும், "அம்மா, கட்டு?" என்பார். 'கட்டித் தரட்டா' என்று கேட்கிறாரா, 'இதில் ஒரு கட்டு வேண்டுமா' என்று கேட்கிறாரா? அம்மா ஒவ்வொரு முறையும் குழம்புவா. ஒருநாள் ஒரு தலையணை உறை வாங்க நினைத்தவ 'ஓம்' என்று சொல்லப்போக, அவர் ஆறையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அம்மாவும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஆறில் இரண்டு என் கலியாணத்துக்கும் வந்தன.

அவருக்குத் தமிழ் தெரியாது என்றுதான் நாங்கள் சிரித்தோம். அவர் தன் தாய்மொழியின் நியாயப்படிதான் பேசினார் என்று எனக்கு விளங்க நாற்பது வருடம் பிடித்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பழைய சோனகத் தெருவில் அப்பாவுக்குக் கடை இருக்கவில்லை. அதைப் பற்றி அப்பா கதைத்ததும் இல்லை. வீட்டு அலுமாரியில் மாதிரிக்கு வைத்திருந்த நான்கு பூட்டுகள் மிஞ்சின, அவ்வளவுதான். பிறகு மாமா பேலியகொடையில் ஸ்டோர்ஸ் தொடங்கியபோது அப்பா அந்த நான்கையும் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா ஒன்றைப் பின்கதவுக்குப் போட்டார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டு ஒஃபிஸ் அறையில் உட்கார்ந்தேன். எழும்பியது முப்பது வருடம் கழித்து.

அந்த முப்பது வருடத்தில் பேலியகொடை முகம் மாறியதை ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் வந்த புதிதில் அது பாலம் கடந்தவுடன் வரும் ஒரு சந்தி; கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரியும் இடம். பஸ்ஸில் தூங்கிவருபவர்கள் கண் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்குவார்கள். புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் சந்தையிலிருந்து மீன் மொத்த வியாபாரம் இங்கே வந்த பிறகு தூங்க முடியாமல் போயிற்று. விடிய முன் லொறி லொறியாகத் தலபத்தும் தோராவும் பலயாவும் வரும். 2020 ஒக்டோபரில் அந்தச் சந்தையில் கொரோனா பரவியபோதுதான் எங்கள் ஊர்ப் பேர் நாடெங்கும் செய்தியாயிற்று. வாரக்கணக்கில் ஸ்டோர்ஸைப் பூட்டி வைத்திருந்தோம். அந்த நாட்களில் மீன் வாடை இல்லாத பேலியகொடை எப்படி இருந்தது என்று பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு முன் சீனர்கள் வந்தார்கள். கட்டுநாயக்க அதிவேகப் பாதை வேலை நடந்த காலம். களனிப் பாலத்தடியில் தொடங்கி விமான நிலையம் வரை 25.8 கிலோமீற்றர், சதுப்பிலே மண் கொட்டி எழுப்பிய பாதை, கட்டியது ஒரு சீன நிறுவனம். 2013 ஒக்டோபரில் திறந்தார்கள். அதுவரைக்கும் மஞ்சள் தொப்பிக்காரர்கள் எங்கள் கடையில்தான் கம்பி, ஆணி, கொளுக்கி எல்லாம் வாங்கினார்கள். விலையைக் கல்குலேட்டரில் அடித்துக் காட்டுவோம். அவர்கள் வேறொரு விலையை அடித்துக் காட்டுவார்கள். கல்குலேட்டர்தான் பொதுமொழி.

ஒருநாள் கடை பூட்டும் நேரம் ஒரு சீனர் அவசரமாக ஓடிவந்தார். "சுவோ, சுவோ" என்று சொல்லிக் கையால் திறப்பைத் திருகுவதுபோல் காட்டினார். பூட்டு வேண்டுமாக்கும் என்று ஆறு வகையை மேசையில் பரப்பினேன். தலையை ஆட்டினார். பெரிய பூட்டு வேண்டுமோ என்று உள்ளே போய்க் கொள்கலன் பூட்டைத் தூக்கி வந்தேன். அதற்கும் தலையாட்டல். கடைசியில் என்னைக் கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எதிர்க் காணியைக் காட்டினார். அங்கே அவர்களுடைய இரும்புக் கொள்கலன் பூட்டிக் கிடந்தது. திறப்பு உள்ளே. அவர் பொருளைக் கேட்கவில்லை, நடந்துபோனதைச் சொன்னார். சொல்லின் கடைசியில் 'ல' என்று ஒரு குட்டி ஒலி இருந்ததாம், 'ஆகிவிட்டது' என்று காட்டுவதற்கு. அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பொடியனை அனுப்பிக் கம்பியறுக்கும் கத்தரியால் அறுத்துக் கொடுத்தோம். பிறகு அவர் ஒரு புதுப் பூட்டும் வாங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமா சிரித்துவிட்டு, "நீ போய்ப் படிச்சிட்டு வாவன்" என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். களனிப் பல்கலைக்கழகத்தில் கன்பூசியஸ் நிறுவனம் சீன வகுப்பு நடத்துவது எனக்குத் தெரியும். கண்டி வீதியில் பஸ் ஏறினால் சில நிமிடம். நாற்பத்தெட்டு வயதில் கொப்பி வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பல்கலைக்கழகமே பேலியகொடையில் பிறந்தது என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1875இல் இங்கே தொடங்கிய வித்தியாலங்காரப் பிரிவெனாதான் பிறகு 1959இல் பல்கலைக்கழகமாயிற்று. ராகுல் சாங்கிருத்தியாயனும் இந்தி எழுத்தாளர் நாகார்ஜுனும் வந்து படித்த இடம் அது.

வகுப்பில் சுற்றுலா வழிகாட்டிகள், ஏற்றுமதிக் கம்பனிப் பிள்ளைகள், முன்வரிசையில் ஓர் இளம் பிக்கு, கடைசி வாங்கில் நான். ஆசிரியை சின்னப் பெண். 'லாவ்ஷி' என்று கூப்பிட வேண்டும். ஆசிரியர் என்று பொருள். என் மகளின் வயதுதான் இருக்கும். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ பலகையில் ஒரு வசனம் எழுதினா. 'யோங் சுவோ சுவோ மென்.' சொல்லுக்குச் சொல் பார்த்தால், பயன்படுத்து – பூட்டு – பூட்டு – கதவு. இரண்டு 'சுவோ'வும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. முதலாவது கையில் இருப்பது. இரண்டாவது கை செய்வது.

பிக்கு கை தூக்கினார். பாளி இலக்கணம் படித்தவர் அல்லவா? "இது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?" என்று கேட்டார். லாவ்ஷி சிரித்தா. "நிற்கிற இடத்தைப் பொறுத்தது" என்றா. பிக்குவுக்குத் திருப்தியில்லை. அகராதியில் எந்த வகையில் போட்டிருக்கிறது என்று விடாமல் கேட்டார். அதற்கு அவ சொன்ன பதில் எனக்கு முழுதாக அன்று விளங்கவில்லை; பிறகு தேடி வாசித்தேன். பிரான்சில் படித்துவிட்டு வந்த மா ஜியன்ஜோங் என்பவர் சீனர் ஒருவர் மேல்நாட்டு முறையில் எழுதிய முதல் சீன இலக்கணத்தை 1898இல் வெளியிட்டார். ஒரு சொல்லுக்கு நிலையான வகுப்பு இல்லை, வசனத்தில் என்ன வேலை செய்கிறதோ அதுதான் வகுப்பு என்ற சங்கடம் அவருக்கே இருந்தது. 1950களில் சீனத்துப் பண்டிதர்கள் இதை வைத்துப் பெரிய வாதமே நடத்தினார்கள். காவ் மிங்காய் என்பவர் சீனச் சொற்களுக்கு வகுப்பே கிடையாது என்று சொல்லப் போய் நாலாபுறமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்றைக்கு ஷென் ஜியாஷுவான் என்ற அறிஞர் சீனத்தில் வினைச்சொல் எல்லாம் பெயர்ச்சொல்லுக்குள்ளே அடக்கம் என்கிறார். வாதம் இன்னும் ஓயவில்லை.

அன்று இரவு கொட்டாஞ்சேனை வீட்டில், முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் இந்த அதிசயத்தைச் சொன்னேன். ஒரே சொல், பெயரும் அதுதான், வினையும் அதுதான்!

அம்மா நிமிரவில்லை. "இதில என்ன புதினம்? நீ இப்ப என்ன சொல்லுக்கு அர்த்தம் சொன்னனீ?"

"பூட்டு."

"கதவில தொங்கிறது என்ன?"

"பூட்டு."

"கதவைச் சாத்திப்போட்டு என்ன செய் எண்டு நான் உனக்குச் சொல்லுறனான்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வருடமாக அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஒரு தடவையாவது உற்றுப் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு உசார் வந்துவிட்டது. கீரையைத் தள்ளி வைத்தா. விகுதி ஒன்றும் சேராமல் வினையடியே பெயராக நின்றால் அது முதனிலைத் தொழிற்பெயர். அடி, வெட்டு, குத்து, உதை. அடிவாங்கின பிள்ளைக்கு இலக்கணம் தேவையில்லை என்றா. விதை? மண்ணில் போடுவதும் விதை, போடுகிற வேலையும் விதை. உரை, மலர், கட்டு. பொதி? மூட்டையும் பொதி, சுற்றுவதும் பொதி. நான் கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன். எழுத எழுதச் சீனம் தெரியத் தொடங்கியது. 'பாவ்' என்றால் பை, பார்சல், சுற்று – பொதியேதான். 'ஜோங்' என்றால் விதை. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம்: விதையைச் சொல்லும்போது குரல் இறங்கி ஏறும், விதைக்கச் சொல்லும்போது நேராகக் கீழே விழும்.

"குரலை மாத்தினா அர்த்தம் மாறுதோ?" அம்மா கேட்டா. ஆணி 'திங்' என்று உயரத்தில் நிற்கும், அடிப்பது அதே 'திங்' விழும் குரலில். நிறுப்பது 'ச்செங்' உயரத்தில், தராசு அதே ஒலி விழும் குரலில் என்று நான் செய்து காட்டினேன். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ தெரியாது. அம்மா கொஞ்சம் யோசித்தா. "எங்களுக்கு நீளுது, அவைக்கு ஏறி இறங்குது. சுடு, சூடு. படு, பாடு. பெறு, பேறு. கெடு, கேடு. முதனிலை திரிஞ்ச தொழிற்பெயர்."

ஒரு சொல்லை வினையிலிருந்து பெயராக்கச் சுவர் எழுப்பத் தேவையில்லை, ஓர் உயிரைக் கொஞ்சம் இழுத்தாலே போதும் என்பது என் அம்மாவின் மொழிக்குத் தெரிந்திருந்தது. அங்கே குரல், இங்கே மாத்திரை.

ஆனால் நான் இரண்டும் ஒன்றுதான் என்று துள்ளத் தொடங்கியதும் அம்மாவே கடிவாளம் போட்டா. "அவசரப்படாதை. தமிழில வால் இருக்கு. பூட்டினன், பூட்டுவன் எண்டா வினை. பூட்டை, பூட்டுக்கு எண்டா பெயர். வாலைப் பாத்தா மாட்டை அறியலாம். உன்ர சீனனிட்ட வால் இல்லை. தமிழில வால் இல்லாமல் வினை நிக்கிறது ஏவலில மட்டும்தான்." அது உண்மைதான். அதனால்தான் வால் இல்லாத தமிழ் நமக்கு அதிகாரமாகக் கேட்கிறது. "கட்டு?" என்று பணிவாகக் கேட்ட அந்தச் சைக்கிள்காரர், எங்கள் காதில் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்.

மா ஜியன்ஜோங்கின் சங்கடத்தையும் அம்மாவிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன்ர அளவில சட்டையைத் தைச்சுப்போட்டுத் தோள் பிடிக்குது எண்டா, பிழை சட்டையிலயோ தோளிலயோ?" என்று கேட்டுவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டா. பண்டிதர்கள் ஐம்பது வருடம் வாதாடியதற்கு இதைவிடச் சுருக்கமான தீர்ப்பை நான் வாசிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஸ்டோர்ஸ் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இரும்புக் கடை மாதிரி இந்தப் பாடத்துக்கு ஏற்ற பள்ளிக்கூடம் வேறில்லை. வாள், சீவுளி, மண்வெட்டி, தூரிகை என்று தட்டில் இருப்பதெல்லாம் சீனத்தில் தாம் செய்யும் வேலையின் பேரையே சுமந்துகொண்டிருந்தன. பேச்சில் அவற்றுக்குப் பின்னால் 'ட்ஸ' என்று ஓர் ஒட்டு வரும். அது வந்தால் சாமான், வராவிட்டால் பெரும்பாலும் வேலை. வெட்டு என்பதில் ஓர் இகரத்தைச் செருகி மண்வெட்டி, பாக்குவெட்டி என்கிறோமே, விசிறு என்பதை விசிறி ஆக்குகிறோமே, அந்த இகரத்தின் வேலைதான் அங்கே 'ட்ஸ'வுக்கு. எங்கள் ஊரில் திறப்பு என்று சொல்வதும் திறக்கிறதிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் சாவி எங்கே என்று கேட்கும்போதெல்லாம், திறப்பு என்பதில் அந்தச் சாமான் செய்யும் வேலையே பேராக இருப்பது எனக்கு ஒரு சின்னப் பெருமை.

பூட்டுக்கு மட்டும் சீனத்திலும் அந்த 'ட்ஸ' ஒட்டத் தேவையில்லை. தனியாக நிற்கும். ஆனால் எண்ணும்போது ஒரு சொல் சேரும்: 'யீ பா சுவோ'. ஒரு – பா – பூட்டு. கையால் பிடிக்கக்கூடிய சாமான்களை எண்ணும்போது இந்தப் 'பா' வரும். கத்தி, குடை, கதிரை, பூட்டு. 'பா' என்றால் என்ன என்று நான் கேட்டேன். லாவ்ஷி எழுந்து மேசைக் கரையை இறுகப் பற்றிக் காட்டினா. பிறகு தேத்தண்ணீர்க் குவளையின் காதைக் காட்டினா; அதற்குக் குரல் விழ வேண்டும். பிறகு உள்ளங்கையைக் குவித்து அரிசி அள்ளுவதுபோல் காட்டினா.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பற்றுவது பிடி. கத்திக்கு இருப்பது பிடி. அம்மா குழைத்துத் தருவது ஒரு பிடி. மூன்றும் அங்கே 'பா', மூன்றும் இங்கே பிடி. ஒரு பிடி பூட்டு! கை செய்கிற ஒரு காரியத்திலிருந்து கிளம்பி, கை பிடிக்கும் இடத்துக்கும், கைக்குள் அடங்கும் அளவுக்கும் இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே அதே வழியில் போயிருக்கின்றன. சீனத்தின் 'பா' அங்கேயும் நிற்கவில்லை. 'கதவைப் பூட்டு' என்பதை அவர்கள் 'பா மென் சுவோஷாங்' என்று சொல்வார்கள். அங்கே 'பா' ஒன்றையும் பிடிப்பதில்லை. எங்கள் ஐ உருபு செய்கிற வேலையை மட்டும் செய்கிறது. வினை தேய்ந்து உருபாகிவிட்டது. கத்தியைக் கொண்டு வெட்டு என்கிறோமே, அந்தக் கொண்டு மாதிரி.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பொம்பிளை யானையும் பிடிதான். அதையும் 'பா' எண்டு சொல்லுவினமோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். "அப்ப நாங்கள் ஒண்டு கூட" என்றா, திருப்தியாக.

இப்படி அரைகுறையாகப் படித்துக்கொண்டிருந்தபோதே என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். 'ஃபான்யீ, ஃபான்யீ' என்று கேற்றடியில் சத்தம் கேட்கும். அந்தச் சொல்லைப் பாருங்கள்: மொழிபெயர்ப்பதும் ஃபான்யீ, மொழிபெயர்த்து வந்ததும் ஃபான்யீ, மொழிபெயர்க்கிற ஆளும் ஃபான்யீ. செய்பவளுக்கும் செய்கைக்கும் நடுவில் ஒரு விகுதிகூட மிச்சமில்லை. பிழைவிட்டாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

விட்டேன். வேலைக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு மேற்பார்வையாளர் எங்கள் பகுதிப் பொடியன்களிடம் சம்பளத்தைச் சொல்லிவிட்டு 'பாவ் ச்செர்' என்றார். 'ச்செர்' சாப்பிடுவது. 'பாவ்' பொதி. "மத்தியானம் சோத்துப் பார்சல் தருவாங்களாம்" என்றேன், தயக்கமே இல்லாமல். இரவு கொப்பியைப் புரட்டியபோதுதான் பொறுப்பெடுப்பதும் 'பாவ்' என்று கண்டேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வது. மூன்று வேளைச் சாப்பாடும் தங்கள் பொறுப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் பதைபதைத்துப் போய்ப் பார்த்தேன். சாப்பாடு வந்திருந்தது, பக்கத்துக் கடையிலிருந்து, பார்சலாக. என் பிழையை அந்தச் சொல்லே பொதிந்து மறைத்துவிட்டது.

வகுப்பு முடியும் வருடம் லாவ்ஷி எங்களைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. காலியில் கிடைத்த மும்மொழிக் கல்லைப் பார்க்க. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு மிங் பேரரசர் பேரில் பொறித்து, கப்பற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1911இல் டொமாலின் என்ற பொறியியலாளர் காலியில் ஒரு மதகை மூடிக் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டெடுத்தார். எத்தனை வருடம் அதன் முதுகில் வண்டி ஓடியதோ! சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. மூவருக்கும் காணிக்கை.

கல் தேய்ந்திருந்தது. லாவ்ஷி படியெடுத்த தாளை வைத்துக்கொண்டு சீனத்தை வாசித்தா. ஓரிடத்தில் 'பூஷி' என்று நிறுத்தி, பிக்குவைப் பார்த்தா. பௌத்தர்கள் தானம் என்பதற்குச் சீனத்தில் எடுத்துக்கொண்ட சொல் அது. கல்லில் முதலில் அது வினையாக வருகிறது: இன்னின்ன பொருளைக் கோயில்களுக்கு வழங்குகிறோம் என்று. கொஞ்சம் தள்ளி, வழங்கியவற்றின் மொத்தக் கணக்கைத் தொடங்கும்போது அதே எழுத்துகள் மறுபடியும். பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், வாசனை எண்ணெய் இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டி. கணக்குப்பிள்ளையாகக் காலம் கழித்த எனக்குப் பட்டியல்தான் பிடித்தது. பிக்குவோ அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "தானமும் அப்படித்தானே, பொருளும் தானம், கொடுப்பதும் தானம்" என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னார். தொடக்கத்தில் அகராதி கேட்டுச் சண்டை பிடித்த அதே ஆள்.

நான் தமிழ்ப் பகுதிப் பக்கம் குனிந்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்க முயன்றேன். சில எழுத்துகள் கிடைத்தன, சொற்கள் கிடைக்கவில்லை. காவலாளி வந்து கண்ணாடியைத் தொடவேண்டாம் என்றார். அறுநூறு வருடத்துக்கு முன் இந்தத் தீவுக்குக் கொண்டுவரக் கல்லில் ஏற்றிய தமிழ் அது என்று அவரிடம் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். இவ்வளவு காணிக்கை கொடுத்த செங் ஹேயேதான் பிறகு 1411இல் இங்கிருந்த அரசனைப் பிடித்துக்கொண்டு சீனாவுக்குப் போனார் என்பதையும் லாவ்ஷியிடம் சொல்லவில்லை. அவவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

திரும்பி வரும் வழியில் பிக்கு இன்னொரு கதை சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்துக்கு வந்து இரண்டு வருடம் தங்கிய ஃபாகியன் என்ற சீனத் துறவியின் கதை. ஊரை விட்டு வந்து பல வருடம். கூட வந்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் வழியில் தங்கிவிட்டார்கள். ஒருநாள் அபயகிரியில் புத்தர் சிலைக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரி காணிக்கையாக ஒரு வெள்ளைப் பட்டு விசிறியை வைப்பதைக் காண்கிறார். சீனத்து விசிறி. அங்கேயே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தன் பயணக் குறிப்பில் அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

லாவ்ஷி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தா. "ஷான்" என்றா. விழும் குரலில். விசிறி. பிறகு கையால் முகத்துக்கு வீசிக்கொண்டு உயர்ந்த குரலில், "ஷான்". விசிறு. பஸ்ஸில் அன்று புழுக்கம்தான். ஆனாலும் அவ வீசிய வேகத்துக்கு அவ்வளவு புழுக்கம் இல்லை. அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டா.

அம்மா போய் இப்போது சில வருடங்கள். கடைசிக் காலத்தில் அவவுக்கு ஒரே குறை, 'பண்ணு'. லொக் பண்ணு, பேக் பண்ணு, வெயிட் பண்ணு என்று பேரப்பிள்ளைகள் பேசும்போதெல்லாம், "பூட்டு எண்டு ஒரு சொல் முழுசா இருக்கேக்க அதுக்கு ஏன் இன்னொரு கால் ஒட்டுறியள்?" என்பா. சிங்களத்திலும் 'லொக் கரன்ன' என்றுதான் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வரும் சொல்லைப் பெயர் என்றே எடுத்து, அதற்குச் செய்வதற்கு ஒரு வேலைக்காரனை வைப்பது எங்கள் இரண்டு மொழிக்கும் பழக்கம். நான் அம்மாவோடு அதில் சண்டைக்குப் போகவில்லை. என் வாயிலும் அதுதான் வருகிறது.

"அன்ரி, வெட்டவா வேணாமா?" பொடியன் கேட்டான். புதிதாக வாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெட்டு" என்றேன்.

கிரைண்டர் சுழன்றது. பொறி பறந்து தகரத்தில் பட்டது. சந்தைப் பக்கமிருந்து வந்த மீன் வாடைக்கு மேலே சுட்ட இரும்பு மணம் ஏறியது. பூட்டின் வளையம் நினைத்ததைவிடக் கெட்டி; இரண்டு முறை நிறுத்தி நிறுத்தி வெட்டினான். கடைசியில் டக் என்று கீழே விழுந்தது. அவன் கதவை உதைத்துத் தள்ளினான். உள்ளே ஒன்றும் இல்லை. வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு சுவரில் முழங்கால் உயரத்துக்கு.

நான் குனிந்து பூட்டை எடுத்தேன்.

"பிடிக்காதீங்க அன்ரி, சூடு!" என்று அவன் கத்தியபோது அது என் கையில் இருந்தது.